போன தம்பிக்காக அப்பா பேசியது

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் காவிய வீரர்களுக்கு மரியாதை உண்டு, சலுகை கிடையாது. வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிற ஆட்களை எப்படி எடை போடுவார்களோ அப்படித்தான் அவர்களையும் போட்டார்கள். மனைவி கேட்டாளென்று மானைத் துரத்திக்கொண்டு போனவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "வேல நேரத்துல எடத்த விட்டுப் போனா இப்பிடித்தான்" என்று வேலையாட்களை மேற்பார்க்கும் பக்கத்து வீட்டு மண்டோர் மாமா தீர்ப்புச் சொல்லிவிடுவார். பத்துத் தலை ராஜாவைப் பற்றி எங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அத்தனை தலையில் ஒன்றுகூடவா இன்னொன்றுக்குப் புத்தி சொல்லவில்லை?

பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் வரும் மலாக்கா வீரர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அவர்கள் மலாய்க்காரர்கள், இவர்கள் நம்மவர்கள் என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. சொல்லப்போனால் அயோத்தியை எங்களில் யாரும் பார்த்ததில்லை; மலாக்கா டவுனுக்குப் பக்கத்து ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து பஸ் இருந்தது.

இப்படிப்பட்ட தோட்டத்தில் ஆடித் திருவிழாவின்போது மாரியம்மன் கோயில் முன்னால் நடக்கும் பட்டிமன்றம் சாதாரண விஷயமல்ல. தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், அதில் என் அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிராகப் பேசினார்கள். தோட்டத்தில் மைக்கைக் கண்டு ஓடாதவர்கள் அவர்கள் இருவர்தான். ஒவ்வொரு வருஷமும் ஒரே அணியில் நின்று வெளித்தோட்டத்து ஆட்களை மண்ணைக் கவ்வ வைப்பார்கள். அந்த வருஷம் வெளியாட்கள் யாரும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், கோயில் தலைவர் அண்ணனையும் தம்பியையும் பிரித்து மோத விடுவதென்று முடிவு செய்தார். இருவரும் சிரித்துக்கொண்டே பேர் கொடுத்தார்கள்.

பேர் கொடுத்த பிறகுதான் வீட்டில் சண்டை வந்தது.

சித்தப்பாவுக்கு மலாக்கா டவுனை அடுத்த பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே தங்கும் இடம், குளிரூட்டிய கட்டடம், பக்கத்திலேயே விமானம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். இதைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சித்தப்பா சொன்னபோது அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். பெற்றவர்கள் போன பிறகு சித்தப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அப்பா. பால்வெட்டக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வாசலுக்கு வந்து, வரிசையாக ஒட்டி நிற்கும் லைன் வீடுகள் எல்லாம் கேட்கும்படி, "போறவன் போவட்டும். ஆனா திரும்பி இந்த வாசல மிதிக்கக் கூடாது!" என்று சத்தம் போட்டார்.

அப்பா சொன்ன சொல் மாறாதவர் என்று தோட்டத்தில் பேர். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பேர் எங்களுக்குப் பெருமையாக இருந்ததுண்டு. அன்றிலிருந்து பயமாக இருந்தது. சித்தப்பா போய்விட்டால் வரவே மாட்டார். என் சைக்கிளுக்குக் காற்றடிக்க, எனக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னிவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்க யார் இருப்பார்கள்?

அதற்குப்பின் அவர்கள் இருவரும் நேரில் பேசிக்கொள்வதில்லை. நடுவில் அம்மா தபால்காரியானாள். "ஒன் கொழுந்தங்கிட்ட சொல்லு, மழ வர்ற மாதிரி இருக்கு, கோட்ட எடுத்துக்கச் சொல்லு" என்பார் அப்பா, கொழுந்தன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே. "அண்ணி, கோட்ட எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க" என்பார் சித்தப்பா. அம்மா ஒருநாள் பொறுமை இழந்தாள். "வாக்கு வாக்குன்னு புடிச்சுக்கிட்டுத்தான் ஒரு ராஜா மவன காட்டுக்கு அனுப்பிட்டு, அப்பறம் கெடந்து அழுது செத்தாரு. ஞாபகம் இருக்கட்டும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் பட்டிமன்றத் தலைப்பு வந்தது. பத்துத் தலை ராஜாவுக்கு இரண்டு தம்பிகள். பிறன் மனைவியைக் கவர்ந்து வந்தது தப்பு என்று இருவருமே அண்ணனிடம் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை. ஒரு தம்பி அவனை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான். இன்னொரு தம்பி, தப்பென்று தெரிந்தும், உண்ட சோற்றுக்காக அண்ணனோடு இருந்து போரில் செத்தான். இவர்களில் பெரிய வீரன் யார், போனவனா, இருந்தவனா?

யாருக்கு எந்தப் பக்கம் என்பதைப் பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இருந்தவன் பக்கத்துக்குச் சிவப்பு அரளி, போனவன் பக்கத்துக்கு வெள்ளை அரளி. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். எங்கள் தோட்டத்தில் கிணறு தோண்டிய இடம், மண்டோர் மாமா மகளை ஜொகூருக்குக் கட்டிக் கொடுத்தது எல்லாம் இப்படி முடிவானவைதான். பூ சொன்னால் அது அம்மன் சொன்னது. அப்பீல் கிடையாது.

அந்த வருஷம் எடுத்த குழந்தை நான். அப்பாவுக்காக ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனை விட்டுப் போனவனுக்காக அப்பா பேச வேண்டும். அண்ணனோடு இருந்தவனுக்காகச் சித்தப்பா பேச வேண்டும்! அப்பாவின் முகம் வேப்பெண்ணெய் குடித்தது மாதிரி ஆனது. "என்னா தலைவரே இது" என்று ஆரம்பித்தார். "அம்மன் குடுத்தத மாத்தலாமா லா?" என்றார் தலைவர், எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வை இழுத்து. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே என் மூளை வேலை செய்துவிட்டது. பக்கத்தை அம்மன் கொடுத்தாள் என்றால் தீர்ப்பும் அம்மனுடையதுதானே? இருந்தவன்தான் பெரியவன் என்று தீர்ப்பு வந்துவிட்டால் சித்தப்பா எப்படிப் போக முடியும்? அவரே பேசி, அவரே ஜெயித்து, அம்மன் முன்னால் முடிவான பிறகு! ஆக, அப்பா தோற்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லாமல், பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கோயிலைச் சுற்றி வந்து அம்மனிடம் மட்டும் தெளிவாகச் சொல்லி வைத்தேன்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. நடுவே இருந்தது பலகைச் சுவர். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் சித்தப்பா, "சோறு போட்ட கையை விட்டு..." என்று ஆரம்பித்தால் இந்தப் பக்கம் பாயில் படுத்திருக்கும் அப்பா, "கைய விட்டாதானடா அவனும் சொந்தமா சோறு திங்க முடியும்" என்று முனகுவார். முனகிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ரப்பர் மரங்களிடம் அப்பா தனியாகப் பேசிக்கொண்டிருப்பதாகக் கூட வேலை செய்யும் அக்காமார்கள் வந்து சொன்னார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திருவிழா மாலை. நடுவர், மலாக்கா டவுனிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நான் முன்வரிசையில் அம்மா மடியோரம்.

முதலில் சித்தப்பா. எடுத்த எடுப்பில் சபையைக் கையில் எடுத்துக்கொண்டார். இருந்த தம்பி தின்பான், தூங்குவான் என்று உலகம் சிரிக்கிறது, ஆனால் எழுப்பிய நாளில் தப்பைச் சொல்லிவிட்டும் அண்ணனுக்காகப் போருக்கு எழுந்தவன் அவன் ஒருவன்தான் என்றார். பிறகு யாரும் எதிர்பாராமல் மலாக்காவுக்கு வந்தார். சுல்தானின் வீரர் ஒருவர்மேல் பொய்ப்பழி விழுந்தது. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று நம்பிய அவருடைய கூட்டாளி, சுல்தானையே எதிர்த்து அரண்மனையில் தனியாக நின்றான். "ராஜா பெருசா, கூட்டாளி பெருசான்னு கேட்டான். கூட்டாளின்னு நின்னான். இது நம்ம ஊரு மண்ணு. இந்த மண்ணுல பொறந்தவன் கூட இருக்கறவன வுட்டுட்டுப் போவ மாட்டான்!" கைதட்டல் காதைப் பிளந்தது. "சோறு போட்டவன் தப்பு பண்ணா திட்டு. சண்ட போடு. ஆனா தனியா வுட்டுட்டு..." என்றவர் அங்கேயே நின்றார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். பாடம் மறந்துவிட்டது போலும் என்று எனக்குப் பகீரென்றது. ஆனால் பெண்கள் பக்கம் முந்தானைகள் எல்லாம் கண்ணுக்குப் போயிருந்தன.

அப்பா எழுந்தார். துண்டை மடித்து வைத்தார்.

"எதிரணித் தம்பி, இருந்தவன்தான் வீரன்னு சொன்னாரு. ஒத்துக்கிறேன். அப்ப அந்த வீரன் என்னா சொன்னான்னு கேப்பமா? சண்டைக் களத்துல போன தம்பி திரும்பி வந்து, 'நீயும் வந்துருண்ணே'ன்னு கூப்புட்டான். இவன் போவல. ஆனா வைஞ்சானா? துரோகின்னானா? இல்ல. 'நீ போ. போயி நல்லா இரு. நாங்க எல்லாம் முடிஞ்சு போனா எங்களுக்குத் தண்ணி விட ஒருத்தன் வேணும்'னான். இருந்தவனே போன்னு சொல்லிட்டான். அப்பறம் போனவனக் குத்தஞ் சொல்ல நாம யாரு?"

அப்பா மலாக்காவையும் விடவில்லை.

"கூட்டாளிக்காக நின்னவன் கத சொன்னாரு. பாதிதான் சொன்னாரு. செத்துட்டாருன்னு நெனச்ச அந்த வீரரு உசுரோட இருந்தாரு. சுல்தான் கூப்புட்டு அனுப்புனாரு. வந்தாரு. தனக்காக நின்ன கூட்டாளியவே கொன்னாரு. ஏன்? விசுவாசம்! விசுவாசம் நின்னுச்சு. கூட்டாளி இருந்தானா? கெட்டியா புடிச்சுக்கிட்டாத்தான் பாசம்னு நெனச்சோம்னா, புடிக்கிற எடம் கழுத்தாப் போயிரும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பா மைக்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, நடுவரைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணன்தான் தப்பு. கோவத்துல, வாசல மிதிக்காதேன்னு சொல்லிட்டான். ராஜாவாச்சே. சொன்னதத் திருப்பி வாங்க வெக்கம். திருப்பி வாங்கிருக்கணும். போற தம்பிய வாசல் வரைக்கும் வந்து அனுப்பிருக்கணும்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த கதையில் வாசலை மிதிக்காதே என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா கதையை மாற்றிவிட்டார். டவுன் வாத்தியார் கண்டிப்பாக மார்க்கைக் குறைப்பார். ஒரு பக்கம் அப்பாவுக்காக வெட்கம், இன்னொரு பக்கம் சித்தப்பா தங்கிவிடுவார் என்ற சந்தோஷம். அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் தலையைத் தன் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நடுவர் நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, இரு பக்கமும் சிறப்பு என்று எல்லா நடுவர்களையும் போலச் சொல்லிவிட்டு, இருந்தவனே பெரிய வீரன் என்று தீர்ப்பளித்தார். நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன். சித்தப்பாவுக்கு டிபன் கேரியர், அப்பாவுக்கு ஒரு துண்டு. மேடையில் இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். கொடுத்த கையை எடுக்க இருவரும் மறந்துவிட்டார்கள்.

கொடியிறக்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்தபோது சித்தப்பாவின் பையை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. அம்மா நெத்திலிச் சம்பலைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தாள். பரிசாக வந்த டிபன் கேரியரில் இட்லி. அநியாயம் கண் முன்னால் நடக்க, அழுதுகொண்டே மோட்டார் சைக்கிளில் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். முச்சந்தி வரை மூவரும் போனோம்.

"நீங்கதானே சித்தப்பா ஜெயிச்சீங்க! இருந்தவன்தான் பெரியவன்னு சொன்னாங்கல்ல! அப்பறம் ஏன் போறீங்க?"

சித்தப்பா குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். "அப்பா பேசுனதக் கேட்டியா இல்லியா பாப்பா?"

"கேட்டேன். அவங்க தோத்துட்டாங்க."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா ரோட்டைப் பார்த்தார். சித்தப்பா சட்டென்று கீழே குனிந்து அப்பாவின் காலைத் தொட, "எந்திரிடா, பஸ்ஸு வருது. தீவாளிக்கு நேரத்தோட வந்துரு" என்று அப்பா அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். பஸ்ஸில் ஏறிய பிறகும் சித்தப்பா ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே போனார். அப்பா பதிலுக்குக் கையாட்டியதாக ஞாபகமில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தபோதும்.

அதற்குப் பிறகு மண்டோர் மாமாவும் மற்றவர்களும் அப்பாவை வெகுநாள் விடவில்லை. "என்னா லா, வாக்கு மாறிட்டீங்களாமே" என்று பெரட்டில் வைத்தே கேட்பார்கள். அப்பா சிரித்து மழுப்புவார். அப்பா இரண்டு தரம் தோற்றுவிட்டாரே, மேடையில் ஒரு தரம், பேரில் ஒரு தரம் என்று நான் அவருக்காக வருத்தப்பட்டேன். பலகைச் சுவருக்கு இப்பால் சொல்ல வாய் வராத ஒன்றைத் தம்பிக்குச் சொல்வதற்காக, அத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரை அவர் ஊர் பார்க்க மைக்கின் முன்னால் கழற்றி வைத்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. என் அப்பா வாழ்க்கையிலேயே மிக நன்றாகப் பேசிய மாலை அது. முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் தோற்க வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.