ஆவூரில் வாங்கிய ஜீப்

பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்று ஆவூரில் விலைக்கு வந்தது. பல ஊர் அலைந்தும் கிடைக்காத வண்டி. பேசி முடித்த பிறகும் எனக்கு நிம்மதியில்லை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுக்கப் பயம். விற்பவர்களோ கிறிஸ்தவர்கள்; வேதக்காரர் வாசலில் அதைச் செய்தால், கோபித்துக்கொண்டு வண்டியே இல்லை என்றுவிடுவார்களோ என்று அதைவிடப் பயம். மடியில் பழங்களை மறைத்தபடி ஜீப்பையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

“என்னங்க, சக்கரத்தை எண்ணுறீங்களா? நாலுதாங்க!” என்றார் வீட்டுக்கார அம்மா.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“நாங்க எடுத்தப்பவும் வச்சோம்ங்க. எங்க பங்குச் சாமியாருகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க!”

பழங்களை வாங்கி, அவரே குனிந்து சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.

கும்பிடும் சாமி வேறு என்றாலும், வண்டி கிளம்பும்போது வருகிற பயம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.