வலப்பக்கம் தாழ்ந்த கார்

சாலை பஜார் கடைகளுக்கு இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்த நான், கார் ஏற்றும் ட்ரெய்லர் ஒன்று வாங்கினேன். வாங்கிய புதிதில் கிடைத்த வேலை அது. கரமனையில் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து டிராக் ரேஸ் கார் ஒன்றைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும். அதைப் பந்தயத்தில் ஓட்டியவர் மூன்று மாதத்துக்கு முன் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். விற்றது அவர் மனைவி.

கம்பியை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்தப் பழக்கத்தில் பெல்ட்டைக் காரின் அடிச்சட்டத்தில் மாட்டி, ஸ்பிரிங் அமுங்கும்வரை முறுக்கினேன். அந்த அம்மா ஓடி வந்தார்.

"அண்ணா, அங்கே கெட்டாதீங்க. வழி முழுக்க அமுங்கியே கிடந்தா ஷாக் போயிரும். டயரை மட்டும் கெட்டினா மதி. வண்டி மேலே கீழே ஆடிட்டே வரட்டும். அவர் அப்படித்தான் செய்வார்."

அவிழ்த்து, நான்கு டயர்களின் மேலும் பெல்ட்டைச் சுற்றி ட்ரெய்லரோடு இறுக்கினேன். கடைசிப் பெல்ட்டை விட்டு நிமிர்ந்தபோது காரின் வலப்பக்கம் மெல்ல இரண்டு விரற்கடை தாழ்ந்தது. கனமான ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அப்படி. ஓட்டுபவரின் சீட்டில் யாருமில்லை. காலை வெயில் மட்டும் விழுந்துகிடந்தது. டயரை அழுத்திப் பார்த்தேன், காற்று இருந்தது. ஷாக்கில் எண்ணெய் கசியவில்லை.

அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை. "கேறி உக்காந்தாச்சு. இனி எடுங்க" என்றார்.

தூரம் கூடினாலும் நாலுவழிச் சாலைதான் நல்லதென்று நாகர்கோவில் வழியாகப் போனேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் கார் தலையாட்டிக்கொண்டே பின்னால் வந்தது. பாட்டுப் போடக் கை வரவில்லை. ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியையே தள்ளியது. பெல்ட்டைச் சரிபார்க்க இறங்கினேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. வலப்பக்கம் தாழ்ந்தே கிடந்தது. அந்த ஜன்னலுக்குள் குனிந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

சாயங்காலம் கோயம்புத்தூரில், வாங்கியவர் காருக்கடியில் படுத்துப் பார்த்தார். டேப் வைத்து அளந்தார்.

"நல்லா கட்டியிருக்கீங்ணா. ரெண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரு நூல் இறங்கலை."

டேப்பை வாங்கி நானும் அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

வண்டி சேர்ந்துவிட்டதென்று சொல்ல அந்த அம்மாவுக்கு போன் செய்தேன்.

"வழியில எங்கே நிறுத்தினீங்க?"

"ஆரல்வாய்மொழியில மட்டும்தாம்மா."

"சாயா குடிக்க அவர் எப்பவும் அங்கேதான் எறங்குவார்" என்றார்.

திரும்பும்போது பாலக்காடு வழியாக வந்தேன்.