அருளானந்தனின் வான்பரப்பு

அருளானந்தன் தன் வாழ்நாளில் ஒரு போர் விமானத்துக்குக் கிட்டப் போனதில்லை. ஒஸ்லோவில் ஹொல்ம்லியாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடப் பராமரிப்பு வேலை. எரிந்துபோன மின்குமிழை மாற்றுவார், அடைத்துக்கொண்ட கழிவறையைத் திறப்பார், பனிக்காலத்தில் வாசற்படிக்குச் சரளைக்கல் தூவுவார். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை பகல் இரண்டு மணியானால் மனிதர் இராணுவ ஆய்வாளர் ஆகிவிடுவார். உள்ளூர்த் தமிழ் வானொலியில் 'களமும் வானும்' என்று ஒரு மணிநேர நிகழ்ச்சி. அவர் ஆய்வு சொல்வார், நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள். எந்தக் கேள்விக்காவது 'தெரியாது' என்று அவர் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

இந்தப் பட்டம் அவருக்கு எங்கே கிடைத்தது என்று அவர் மனைவி அனஸ்ரேசியாவைக் கேட்டால் சொல்லுவாள். பாட்ஸ்பியோர்ட்டில் கிடைத்தது. நோர்வேயின் வடக்கு நுனியில், மீனைத் தவிர வேறொன்றும் மணக்காத ஊர். எண்பதுகளில் இருவரும் அங்கே ஒரே தொழிற்சாலையில் மீன் வெட்டினார்கள். 1987 செப்டெம்பரில், அந்தக் கடலுக்கு மேலே, நோர்வேயின் கண்காணிப்பு விமானம் ஒன்றைச் சோவியத் சண்டை விமானம் ஒன்று உரசியது. நோர்வே விமானத்தின் சுழல்விசிறி ஒன்று உடைந்தது. இரண்டு விமானங்களும் ஒரு உயிரும் போகாமல் தத்தம் வீட்டுக்குத் திரும்பின. நடந்தது அவ்வளவுதான்.

அந்தச் செய்தியை மறுநாள் சாப்பாட்டு அறையில் யாரோ நோர்வேக்காரன் சொல்லித்தான் அருளானந்தன் அறிந்தார். தொண்ணூறுகளில், தனக்குச் சத்தம் கேட்டதாகச் சொல்லத் தொடங்கினார். ஒஸ்லோவுக்குக் குடிவந்த பிறகு புகையைக் கண்டார். 2005 அளவில் விமானியின் முகத்தையே கண்டுவிட்டார். விமானம் உரசியது கரையிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பல்வலி தாங்காமல் கன்னத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மனிதர் போர்வைக்குள் கிடந்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளே அனஸ்ரேசியாதான். அந்தக் கஞ்சியில் தொடங்கித்தான் அவர்கள் கலியாணம் வரைக்கும் போனார்கள். அதனால் அவள் சபையில் ஒன்றும் சொல்வதில்லை. விருந்தாளிகள் வாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் பலமாக வைப்பாள்.

ஒஸ்லோவின் குரோருட்டில் அவர்களுடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க இலங்கை வரைபடம். பிட்சாக் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த காந்த வில்லைதான் இந்திய ராடார். பாரிஸ் போய்வந்த யாரோ கொடுத்த கோபுர வில்லை பாகிஸ்தான். சீனாவுக்கு ஒரு தக்காளி வில்லை. வானொலி நிலையத்தின் தொலைபேசி எண் அச்சடித்த வில்லை ஒன்றுதான் எந்த நாடும் ஆகாமல் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அனஸ்ரேசியா பால் எடுக்கக் கதவைத் திறந்தால் யாழ்ப்பாணக் குடாவே ஆடும். "மெல்லமாத் திறவும், படையெல்லாம் குழம்புது" என்று அதற்கும் ஒரு அதட்டல்.

2007 பங்குனியில், வன்னியிலிருந்து போன இயக்கத்தின் சின்ன விமானங்கள் கொழும்புக்குப் பக்கத்து விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. அருளானந்தனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனார். யாருக்குப் பிறந்தநாள் என்று ஆசிரியர்கள் கேட்க, சிரித்துச் சமாளித்திருக்கிறார். இப்படிப்பட்ட வீரர் அவர்.

அந்தக் கிழமையே அவருடைய பெரிய கொள்கை பிறந்தது. "இது இனி எங்கட சண்டை இல்லை," என்று வானொலியில் முழங்கினார். "இந்தியா ராடார் குடுக்குது, பாகிஸ்தான் குண்டு குடுக்குது, சீனாக்காரன் பிளேன் குடுக்கிறான். எல்லாரும் எங்கட வானத்திலை நிக்கினம். ஒரு பிளேன், ஒண்டே ஒண்டு, தெரியாமல் எல்லை மாறட்டும். ஆளுக்காள் முட்டுப்படுவினம். பிறகு பயத்திலை எல்லாரும் ஓடிவந்து சண்டையை நிப்பாட்டுவினம். அதுவரைக்கும் சனம் அசையாமல் நிக்கவேணும்!"

நிற்க வேண்டியது சனம். சொல்கிறவர் இருப்பது குரோருட்டில், சூடாக்கி போட்ட அறையில்.

அந்த ஆவணியில் ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் பழையபடி நோர்வேக் கடலோரமாகப் பறக்கத் தொடங்கின. பூடோவிலிருந்து நோர்வேயின் சண்டை விமானங்கள் எழும்பிப் போயின. அருளானந்தன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் உலக யுத்தமே வாசலுக்கு வந்துவிட்டதாக அவருக்கு ஒரு சந்தோஷப் புளுகம். அனஸ்ரேசியா முதியோர் இல்லத்தில் தன்னோடு வேலை செய்யும் பூடோக்காரியிடம் விசாரித்தாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என் மச்சான் அங்கேதான் விமானத் திருத்துநர். நம்மவர்கள் மேலே போவார்கள், படம் எடுப்பார்கள், ரஷ்யன் கை காட்டுவான், இவர்களும் கை காட்டுவார்கள், இறங்கி வந்து வாஃபல் தின்பார்கள்."

அன்று முழுக்க அனஸ்ரேசியா அதையே யோசித்தாள். பாட்ஸ்பியோர்ட்டில் அந்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை எப்படி விடிந்தது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வழமைபோல மீன் வந்தது, வழமைபோல வெட்டினார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் முட்டிக்கொண்டால் கடிதம் எழுதுவார்கள், தொலைபேசி எடுப்பார்கள். அடிபட்டுச் சாவதற்கு அவர்கள் வேறு ஆட்களை வைத்திருக்கிறார்கள். அந்த வேறு ஆட்களில் ஒருத்தி அவளுடைய தங்கை யோசெப்பின், இரண்டு பிள்ளைகளோடு கிளிநொச்சியில் இருந்தாள். புருசனை முந்தைய சண்டையில் பறிகொடுத்தவள்.

2008 தையில், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் யோசெப்பின் கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்தாள். சின்ன மகளின் கண் சத்திரசிகிச்சைக்காக மூன்று பேருக்கும் வன்னியை விட்டு வெளியே போக அனுமதி கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் போகவேண்டும். பிறகு கிடைக்காது.

"அக்கா, அத்தான் என்ன சொல்லுறார்? அவற்றை ஆய்வை இஞ்சை எல்லாரும் இணையத்திலை கேக்கினம். போறதோ, நிக்கிறதோ?"

"போ எண்டு நான் சொல்லுறன்."

"உனக்கென்னக்கா தெரியும்? அத்தானைக் கேள்."

அத்தான் சமையலறையில் தக்காளியை மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் நகர்த்திக்கொண்டிருந்தார். அனஸ்ரேசியா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்ன விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது.

"நிக்கச் சொல்லும். இன்னும் மூண்டு மாதம். எல்லாம் நான் கணிச்சு வைச்சிருக்கிறன்."

"பிள்ளையின்ரை கண் என்னாகிறது?"

"கண்ணைப் பிறகும் பாக்கலாம். இப்ப வெளிக்கிட்டா, ஆய்வாளற்றை ஆக்களே ஓடுகினம் எண்டு சனம் கதைக்கும். நான் என்ன முகத்தோடை வானொலிக்குப் போறது?"

அவருக்கு முகம்தான் பெரிசு. அனஸ்ரேசியாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முகத்திலேயே தொலைபேசியை எறிந்திருப்பாள். எறியவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

"கேட்டனான். அத்தான் உடனை வெளிக்கிடச் சொல்லுறார்," என்றாள். "இனி ஒரு பிளேனும் வராதாம். ஒருத்தரும் வரமாட்டினமாம். நாளைக்கே போகட்டாம்."

"அத்தானோ அப்பிடிச் சொன்னவர்?"

"அவர்தான். வேறை ஆரிட்டையும் இதைக் கதைக்காதை எண்டும் சொன்னவர்."

பதினெட்டு வருசம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தி, அவருடைய ஆய்வால் கண்ட ஒரே பயன் இதுதான் என்று முகத்தைக் கழுவிக்கொண்டே நினைத்தாள்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. யோசெப்பின் பிள்ளைகளோடு சோதனைச் சாவடி தாண்டி வவுனியாவுக்கு வந்துவிட்டாள். அருளானந்தன் குதித்தார். "என்ரை சொல்லை மீறி வெளிக்கிட்டாளோ! நன்றி கெட்டதுகள்! இதை வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, சொல்லிப்போட்டன்." அனஸ்ரேசியா தலையாட்டினாள். தங்கை தப்பிவிட்டாள். அதற்குமேல் யாரோடும் எதுவும் கதைக்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு வானொலியைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு குரல் வந்தது. "அண்ணை வணக்கம். நான் குலசேகரம், ஹொல்ம்லியாவிலை இருந்து. என்ரை தங்கச்சி குடும்பம் பரந்தனிலை நிக்குது. அவையளுக்கு இப்ப வெளியிலை வர ஒரு வழி வந்திருக்கு. வரச் சொல்லட்டோ, நிக்கச் சொல்லட்டோ? நீங்கள் சொல்லுறதைத்தான் அவை கேப்பினம்."

தன் மச்சாள் வவுனியாவில் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்த மனிதர் தொண்டையைச் செருமினார். "தம்பி குலசேகரம், வான்பரப்பைப் பாருங்கோ. நெருக்கடி முத்துது. ஒரு பிளேன் எல்லை மாறினால் காணும். பயப்பிடாமல் நிக்கச் சொல்லுங்கோ."

"நன்றி அண்ணை. பெரிய ஆறுதல்."

அனஸ்ரேசியா கத்தியை வைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள். வானொலி நிலையத்தின் எண் ஓரத்தில் இருந்தது, எட்டே எட்டு இலக்கம். அவள் வானொலியை அணைத்தாள். வெங்காயம் வெட்டி முடிய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு விமானமும் எல்லை மாறவில்லை. ராடார் கொடுத்தவர்களும் குண்டு கொடுத்தவர்களும் ஆளோடு ஆள் முட்டுப்படவில்லை. கொடுத்ததெல்லாம் சனத்தின் தலையில்தான் விழுந்தது. அருளானந்தனின் மூன்று மாதம் ஆறு மாதமாகி, 'பின்வாங்கல் ஒரு தந்திரம்' ஆகி, கடைசியில் 2009 வைகாசியில் படத்தில் நகர்த்த இடம் இல்லாமல் போயிற்று. ஒருநாள் வேலை முடிந்து வந்த அனஸ்ரேசியா, வில்லைகள் எல்லாம் குப்பை வாளிக்குள் கிடப்பதைக் கண்டாள். படம் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சுப்பர் மார்க்கெட் விளம்பரம் இருந்தது.

சில நாளில் யோசெப்பின் தொலைபேசியில் அழுதாள். ஒலிபெருக்கி போட்டிருந்தது. "அத்தான், அண்டைக்கு நீங்கள் வரச் சொல்லாட்டி நானும் பிள்ளையளும் இண்டைக்கு இல்லை." அருளானந்தன் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அந்தப் புகழை விழுங்க அவருக்கு அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை. "ஓம் பிள்ளை," என்றார். "நிலைமை எனக்கு முதலே விளங்கினது." தொலைபேசியை வைத்த பிறகு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் புகழ் போய்விடும்.

ஆனி மாதத்தில் குலசேகரம் தங்கைக்கு முப்பத்தோராம் நாள் நினைவு வைத்தான். பரந்தனிலிருந்து ஓடி ஓடிக் கடற்கரைவரை போன குடும்பத்தில், தங்கையும் மூத்த மகளும் எறிகணை விழுந்து போய்விட்டார்கள். ஹொல்ம்லியா வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. வந்தவர்கள் வாழையிலை மாதிரி வெட்டிய காகிதத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அதிகம் கதைக்கவில்லை. அருளானந்தனால் அப்படி இருக்க முடியுமா?

"என்ன செய்யிறது," என்று சாம்பாரைக் குழைத்தபடி தொடங்கினார். "இந்த முடிவு எனக்கு எப்பவோ தெரியும். அதுதான் என்ரை மச்சாள் ஆக்களை 2008 தையிலேயே வெளிக்கிடச் சொன்னனான். இண்டைக்கு மூண்டு பேரும் சுகமா இருக்கினம்."

பரிமாறிக்கொண்டிருந்த குலசேகரம் கரண்டியை வாளிக்குள் வைத்தான். "எந்தத் தை?"

"போன வருசத் தை."

"அந்தத் தையிலைதானே அண்ணை நான் உங்களை வானொலியிலை கேட்டனான். நிக்கச் சொன்னனீங்கள்." அவன் குரல் உயரவில்லை. "உங்கட ஆக்களுக்கு ஒரு ஆய்வு, எங்கட ஆக்களுக்கு ஒரு ஆய்வோ?"

அருளானந்தன் சோற்றைக் குழைப்பதை நிறுத்தினார். அவர்களையும் நிற்கத்தான் சொன்னேன் என்றால் அவர் முட்டாள். சொல்லாவிட்டால் அவர் துரோகி. வாழ்நாள் முழுக்கப் பெரிய நாடுகளின் நெருக்கடியை அளந்த மனிதருக்கு இந்தச் சின்ன நெருக்கடியில் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. உதவிக்கு மனைவியைப் பார்த்தார்.

அனஸ்ரேசியாவுக்கு அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. என்றாலும் எழுந்தாள்.

"தம்பி, இவர் ஒருத்தரையும் வரச் சொல்லேல்லை. தங்கச்சியையும் நிக்கத்தான் சொன்னவர். இவற்றை பேரைச் சொல்லி வரச் சொன்னது நான். இவருக்கு அண்டைக்கும் ஒண்டும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது."

அருளானந்தன் தலை குனிந்து சோற்றைப் பார்த்தார். இத்தனை வருசம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சபையில் சொல்லிவிட்ட ஆறுதல் அனஸ்ரேசியாவுக்கு ஒரு கணம் இருந்தது. ஆனால் குலசேகரம் அருளானந்தனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"அக்கா," என்றான். "அண்டைக்கு நான் வானொலியிலை கேட்டது உங்களுக்குக் கேட்டதோ?"

அவளுக்கு அந்த எட்டு இலக்கமும் வரிசையாக ஞாபகம் வந்தது.

"ஓம்," என்றாள். "கேட்டது."