தெருவெல்லாம் சுற்றும் ஆயில் பம்பு

பிள்ளைகளே, எண்ணூருக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் நானே காருக்கு இன்ஜின் ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். பழைய ஆயிலை வடிக்க, காருக்கு அடியிலிருக்கும் திருகைக் கழற்றப் போனேன். முழங்கால்வரை சேறு அப்பிய ஒருவர் தெருவிலிருந்து கத்தினார். ஆற்றில் இறால் பிடிக்கும் படகுக்காரர்.

“நிறுத்து நைனா! கீய கொட்னா ஆத்துக்குத்தான் வரும்.”

“பக்கெட் வெச்சிருக்கேன் அண்ணே.”

“பக்கெட்டு வெச்சவன்லாம் கொட்டாமயா வுட்டான்?”

தன் வீட்டுக்குப் போய், படகு இன்ஜினுக்கு வைத்திருந்த கைப்பம்பைக் கேனோடு எடுத்துவந்தார். இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கச் சொன்னார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளையில் மெல்லிய குழாயை விட்டார். பத்து முறை பம்பை அடித்ததும் பழைய ஆயில் கருகருவென்று கேனுக்குள் ஏறியது.

குழாயை எடுக்கும்போது ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது. அந்த மண்ணை அள்ளிக் காகிதத்தில் மடித்தார்.

“ஒரு சொட்டுதானே அண்ணே?”

“போன தபா ஆத்துல எண்ணெ கலந்து வலையே பாழாப் பூட்ச்சு. இப்பத்தான் இறாலு திரும்ப வந்துகினு கீது, நைனா. பம்பு இங்கியே இருக்கட்டும், கேக்கறவங்களுக்குக் குடு.”

அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்; பம்பு வீடுவீடாகக் கைமாறிப் போனது. போன வாரம் அவரே தன் படகுக்காக அதைக் கேட்டு வந்தார். எந்த வீட்டில் இருக்கிறதென்று தெரியாமல் இருவரும் தெருத்தெருவாகத் தேடினோம். போன வீட்டிலெல்லாம் ஆயில் எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பம்பு கிடைக்காமல் போகப் போக, அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.