வாசற்படி மேஸ்திரி

என் அடுத்த வீட்டுக்காரரை அவருடைய மனைவிகூட ‘மேஸ்திரி’ என்றுதான் சொல்வார். போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கிய சொல் அது. அவர்களுக்கு ‘மெஸ்த்ரே’ என்றால் தொழிலைக் கரைத்துக் குடித்தவர். எங்கள் மேஸ்திரி வைத்திருந்த பொருளே வேறு: கையில் சிமெண்டு படாதவர்.

மனிதர் ஒரு காலத்தில் நல்ல கொத்தனார்தான். தனியாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியதும் கரண்டியைக் கீழே வைத்தார், வெள்ளைச் சட்டைக்கு மாறினார். எந்தக் கட்டடமானாலும் வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நின்று, ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பார். உள்ளே முட்டி தேய வேலை செய்வது அவருடைய மச்சினன். வருகிற பாராட்டெல்லாம் வாசற்படியோடு நின்றுவிடும். பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

மச்சினனுக்கு ஒரே ஆசைதான். தன்னையும் நாலு பேர் மேஸ்திரி என்று கூப்பிட வேண்டும். மேஸ்திரி வீட்டுக் குளியலறைக்குத் தரை போட வந்த அன்று அதை வாய்விட்டுக் கேட்டான்.

“இனிமே ஆளுங்க முன்னாடி என்னையும் மேஸ்திரின்னு சொல்லுங்க மாமா.”

“கரண்டி புடிக்கிறவன் கொத்தனாரு. நிக்கிறவன்தான் மேஸ்திரி. போய்க் கலவையப் போடு.”

அவன் கரண்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

“இதென்ன பெரிய வித்தையா?” என்று மேஸ்திரி சட்டைக் கையை மடித்தார். தானே போட்டும் முடித்தார். பார்வைக்குத் தரை கண்ணாடி மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. காய்ந்த பிறகு மனைவி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது மூலையிலிருந்த வடிகுழாயைத் திரும்பியும் பார்க்காமல், படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்து கட்டில் காலை நனைத்தது. தண்ணீர் வடியத் தரையில் கொடுக்கும் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். வாசற்படியிலேயே நின்று பழகியவர், வாட்டத்தையும் வாசற்படிக்கே கொடுத்திருந்தார்.

“உடைச்சுத்தான் போடணும். தம்பியக் கூப்பிடுங்க,” என்றார் மனைவி. “என்னன்னு கூப்பிட்டா வருவான்னு உங்களுக்கே தெரியும்.”

மேஸ்திரி வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துத் தொண்டையைக் கனைத்தார்.

“மேஸ்திரிங்களா?”

மறுநாள் காலையில் மச்சினன் வந்தான். வெள்ளைச் சட்டை. குளியலறை வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நின்றான். ஒரு கண்ணை மூடித் தரையைப் பார்த்தான். அப்புறம் குனிந்து கரண்டியை எடுத்து, அக்கா புருஷனிடம் நீட்டினான்.

“கொத்தனாரே, வாட்டம் அந்தப் பக்கம்.”