ஜன்னலில் ஒரு பரங்கிக்காய்

வல்லரசுத் தலைவர்கள் எங்கேயாவது கூடிக் கைகுலுக்கப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்லிவிட்டால் போதும், புரோகிப் தன் பூவேலைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவான். சூலா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் வெர்பிவ்காவில் உலக அரசியலுக்காக யாரும் செய்தி கேட்டு மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அவன் வீட்டு வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். சட்டை காய்கிறதா, பேச்சுவார்த்தை நடக்கிறது. சட்டை பெட்டிக்குள் போய்விட்டதா, யாரோ ஒரு பெரிய மனிதர் கோபித்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

ஜெனீவா என்றாலும் வளைகுடா என்றாலும் அவன் முதலில் தேடுவது இஸ்திரிப் பெட்டியைத்தான். அவனோ ஊரின் லைன்மேன். கம்பம் கம்பமாக ஏறி ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிறவன் சட்டைக்கு இஸ்திரி போட உட்காரும் நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். கசங்கிய சட்டையை மெத்தைக்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்துத் தேய்த்துக்கொள்வான்.

இத்தனைக்கும் காரணம் ரொட்டிக்கடை மோத்ரியா. போர் தொடங்கிய முதல் வசந்தத்திலேயே கணவனைப் பறிகொடுத்தவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளைத் தெரிந்த புரோகிப்பும் மனைவியை இழந்து தனியாக இருந்தான். ஒரு நாள் கம்பு ரொட்டி வாங்கப் போனவன், ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டான். வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

மோத்ரியா மாவுக் கையைத் துடைத்தபடி, "ரெண்டு தடவை தாலியறுக்க என்னால முடியாது, புரோகிப்," என்றாள். "ஒருத்தனை மண்ணுக்குக் குடுத்தாச்சு. நீயோ குண்டு விழுந்த இடத்துக்கு முதல் ஆளா ஓடிப்போய் கம்பம் ஏறுறவன். போர் முடியட்டும், ஆள் அனுப்பு. அதுக்கு முன்னாடி வந்தா, என் வீட்டு ஜன்னல்ல இருக்கறதைத் தூக்கிக் கையில குடுத்துடுவேன்."

ஜன்னலில் இருந்தது ஒரு பரங்கிக்காய். சாம்பல் நிறம், நல்ல கனம். ரொட்டி ஏந்திப் பெண் கேட்டு வருகிறவர்களைப் பிடிக்காவிட்டால் கையில் பரங்கிக்காயைக் கொடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் சுமந்துகொண்டு தெருவழியே வீடு திரும்புகிற ஆண்மகனுக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் பரங்கிக்காய் என்ற பட்டப்பெயர் போகாது. பிடித்திருந்தால் பேச வந்த பெரியவர்களின் தோளில் பூவேலைத் துண்டைக் கட்டிவிடுவார்கள்.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் புரோகிப் அந்த ஜன்னலைக் கடக்க வேண்டும். பரங்கிக்காய் அவனையே முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கெஞ்சினான்.

"மோத்ரியா, அதை உள்ளயாவது எடுத்து வையேன். ஊரே சிரிக்குது."

"வெச்சா? நாளைக்கே நீ ரொட்டியோட வந்து நிப்பே."

"சத்தியமா வரமாட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டே தரேன்."

"நம்ம நாடு அணுகுண்டையெல்லாம் வாரிக் குடுத்துட்டு அப்படித்தான், இனி நம்மை யாரும் தொடமாட்டாங்கன்னு ஒரு காகிதம் வாங்குச்சு. பெரிய பெரிய நாடெல்லாம் கையெழுத்துப் போட்டுது. இப்ப அந்தக் காகிதத்தை வெச்சுக் குளிர் காயக்கூட முடியல. என் பரங்கிக்காய் ஜன்னல்லயே இருக்கட்டும்."

புரோகிப் எரிச்சலோடு நடையைக் கட்டினான். நியாயமும் அவள் பக்கம்தான் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

போன இலையுதிர் காலத்தில் ரேடியோ ஒரு நல்ல செய்தி சொன்னது. இனி மின்நிலையங்களை யாரும் தாக்கமாட்டார்களாம். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். புரோகிப் துள்ளிக் குதித்தான். போர் முழுசாக முடியாவிட்டாலும் கால்வாசி முடிந்ததாகத்தானே அர்த்தம் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டான். அதிலும் கம்பம் ஏறுகிறவனுக்கு அது முக்கியமான கால்வாசி.

பெண் கேட்கப் போக இரண்டு பெரியவர்கள் வேண்டும். பக்கத்து வீட்டு லுக்யானிடம் போனான். லுக்யான் முன்பு ரயில்வேயில் கொடி காட்டியவர். தான் கொடி காட்டாமல் உலகத்தில் எதுவும் நகராது என்ற நினைப்பு அவருக்கு இன்னும் போகவில்லை.

"வரேன்டா தம்பி. ஆனா வேலியோரத்துப் பேரிக்காய் மரம் என் பக்கம் வந்துடணும்."

"கல்யாணத்துக்கும் பேரிக்காய் மரத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"சமாதானம் பண்ணி வைக்கிறவன் சும்மாவா பண்ணுவான்? உலகத்துல எங்கடா அப்படி நடக்குது?"

இன்னொருவர் ஓவ்ரம். லுக்யானுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். லுக்யானைக் கூப்பிட்டது தெரிந்ததும் ஓவ்ரம் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். அவருடைய கண் புரோகிப்பின் தேன்பெட்டிகள்மேல். ரொட்டியை யார் ஏந்துவது என்று இருவரும் வழிநெடுக இழுபறி நடத்தியதில், மோத்ரியா வீட்டை அடைவதற்குள் ரொட்டியின் ஒரு ஓரம் பிய்ந்துவிட்டது.

மாப்பிள்ளை வாசலுக்கு வெளியிலேயே வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும், அதுதான் முறை. புரோகிப் கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

"நாங்க வேட்டைக்காரங்க," என்று லுக்யான் பெண் கேட்கிறவர்களின் வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். "ஒரு அழகான மரநாயோட தடத்தைப் பிடிச்சு இந்த வீட்டு வாசலுக்கு..."

"கால்ல இருக்கற சேத்தைத் துடைச்சுட்டு உக்காருங்க. தடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றது மோத்ரியாவின் குரல். "போர் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்," என்றார் ஓவ்ரம். "மாப்பிள்ளை இனிமே கம்பம் ஏறமாட்டான், நான் பொறுப்பு. தேன்பெட்டியைப் பார்த்துக்க அவனுக்கு நேரம் இருக்காது, அதையும் நானே எடுத்துக்கறேன்."

"வேலியையும் உள்ள தள்ளிப் போட்டுக்குவான்," என்று லுக்யான் முந்திக்கொண்டார். "பேரிக்காய் மரம் எனக்கு."

"அப்புறம் அவன் வீட்டை என் அக்கா மகன் பேருக்கு..." என்று ஓவ்ரம் தொடர்ந்தார்.

"அதுக்கு நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? பாதி வீடுதான்னு பேச்சு," என்று லுக்யான் பாய்ந்தார்.

"இதெல்லாம் அவனுக்குத் தெரியுமா?" என்றாள் மோத்ரியா.

இருவரும் வாழ்நாளில் முதல்முறையாக ஒரே குரலில் பதில் சொன்னார்கள். "அவனுக்கு எதுக்கு? அவன்தான் வெளிய நிக்கறானே."

உள்ளே மோத்ரியா சிரித்தாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் கணவன் போன பிறகு அந்தச் சிரிப்பை ஊரில் யாரும் கேட்டதில்லை. வாசலில் நின்ற புரோகிப்புக்கு, வீடும் தேனும் பேரிக்காயும் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. நெஞ்சு நிறைந்துபோய் நின்றான்.

அப்போதுதான் ஊருக்கு வெளியே படீரென்று வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, உள்ளே விளக்கு அணைந்தது. துணைமின் நிலையம் இருந்த திசையில் கரும்புகை எழும்பியது. பெரியவர்கள் பேசி முடித்த விஷயம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

பூவேலைச் சட்டையோடேயே புரோகிப் ஓடினான். மோத்ரியா கதவைத் திறந்து என்னவோ கத்தினாள், அவன் காதில் விழவில்லை. அவன் கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைப் பிடிக்கும் நேரத்துக்கு இரண்டாவது ட்ரோன் வந்தது. சரிசெய்ய வருகிறவர்களைக் குறிவைத்தே அனுப்பப்படுவது அது. அது வெடித்த அதிர்வில் ஏணியோடு விழுந்தான்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு கால் கட்டுப்போட்டு மேலே தொங்கியது. சட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார்களாம். வார்டு மூலையில் டிவி ஓடியது. இரண்டு தலைவர்கள் கம்பளத்தில் நடந்துவந்து ஒருவர் கையை ஒருவர் நெடுநேரம் குலுக்கினார்கள். நல்ல முன்னேற்றம் என்றார் செய்தி வாசித்தவர். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளிக்கென்று கொண்டுவந்த ஆப்பிளை லுக்யானே கடித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி பேசறாங்கடா. எழுந்திரு, சட்டையைத் துவை."

"சட்டை இல்லண்ணே," என்றான் புரோகிப். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கால் வலியைவிட அதுதான் வலித்தது. கம்பத்திலிருந்து விழுந்து அவளுடைய பயம் சரிதான் என்று தானே நிரூபித்தாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு அவள் வாசலில் போய் நிற்பது?

அந்த நேரத்தில் மோத்ரியா வந்தாள். கையில் துணி சுற்றிய பாத்திரம். மூடியைத் திறந்து, கிண்ணத்தில் ஊற்றி, அவன் மார்புக்கு நேரே நீட்டினாள். பாலில் குழைய வெந்த தினைக் கஞ்சி. அதில் மஞ்சள் மஞ்சளாகப் பரங்கித் துண்டுகள்.

புரோகிப்பின் முகம் தொங்கிப்போனது. "ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துட்டியா, மோத்ரியா? படுத்துக் கிடக்கறவனுக்குக் கூடவா?"

"சாப்பிடு. ஆறிடும்."

"பரங்கிக்காயைக் கையில வாங்கமாட்டேன். வாங்கினா முடிஞ்சுபோச்சு."

"மக்கு. இது எந்தப் பரங்கிக்காய்னு நினைக்கறே?" அவள் கரண்டியைக் கிண்ணத்தில் செருகினாள். "உன் பின்னாடி ஓடி வர்ற வழியிலேயே நீ விழுந்துட்டேன்னு சொன்னாங்க. தெருச் சேத்துலயே உக்காந்து அழுதேன். பொண்டாட்டியே ஆகாம ரெண்டாவது தடவை விதவையானவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். வீட்டுக்குப் போனா அது ஜன்னல்ல குந்திக்கிட்டு இருக்கு. கத்தியை எடுத்தேன், வெட்டினேன். ஜன்னல் இப்ப காலி."

புரோகிப் டிவியைப் பார்த்தான். கைகுலுக்கல் இன்னும் முடிந்தபாடில்லை. "போர் முடியலையே?"

"அவங்க முடிக்கிறப்ப முடிக்கட்டும். என் கல்யாணத் தேதியை அவங்க கையில குடுத்துட்டு இத்தனை நாள் உக்காந்திருந்தேனே, என்னைச் சொல்லணும்."

"அப்ப பேரிக்காய் மரம்?" என்று லுக்யான் இழுத்தார். மோத்ரியா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் ஆப்பிளோடு எழுந்து வெளியே போனார்.

புரோகிப் கரண்டியை எடுத்தான். ஒரு வாய், இரண்டு வாய். திடீரென்று நிறுத்தினான். பட்டவனுக்குச் சந்தேகம் லேசில் போகுமா?

"மோத்ரியா, உள்ள இருந்த விதை? அதை என்ன பண்ணினே? வசந்தம் வந்தா அதை நட்டு, இன்னொண்ணை ஜன்னல்ல வெச்சுடுவியே."

"வறுத்து உப்புப் போட்டு வெச்சிருக்கேன்," என்றாள் மோத்ரியா. "கல்யாணத்தன்னிக்கு ஊரே கொறிக்கட்டும்."

அதன் பிறகுதான் அவன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான்.