புஷ்பவள்ளி கற்ற இந்தி

என் அண்ணி புஷ்பவள்ளிக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணாகிராமத்தில் எட்டாவதோடு படிப்பை விட்டவள். என் அண்ணனுக்கு வாக்கப்பட்டுக் கடலூர் வந்து மெஸ் நடத்தினாள். 2010இல் பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்த பீகார்ப் பையன்கள் அங்கே சாப்பிட வரத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே அண்ணி இந்தி பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன பெரிய இந்தி? சோறு, பருப்பு, தண்ணீர், உப்பு. அதை வைத்துக்கொண்டு அவள் அடித்த அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா!

சொல்லிக்கொடுத்தவன் பிர்ஜு. இருபது வயது இருக்கும். அவனும் அவளிடம் தமிழ் கற்றான். கேள்வி கேட்டே உயிரை வாங்குவான்.

“அக்கா, ‘போதும்’ எப்போ, ‘வேணாம்’ எப்போ?”

“வயிறு ரொம்புச்சுன்னா போதும். புடிக்கலன்னா வேணாம். என் மெஸ்ல ஒனக்கு ரெண்டாவது தேவப்படாது.”

“சாப்பாடு, சோறு, ரெண்டும் ஒண்ணா?”

“சாப்பாடுன்னா காசு குடுத்துத் திங்கிறவனுக்கு. சோறுன்னா வூட்டு மனுசங்களுக்கு. நீ சோறுன்னே கேளு.”

ரோந்து வந்த போலீஸ்காரரைப் பார்த்து, “வாடா, உக்காரு” என்று பணிவாக அழைத்தவன் இவன்தான். மேஸ்திரி அவனை அப்படித்தான் கூப்பிடுவான். பாவம், அதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டான். அண்ணி கெஞ்சிக் கூத்தாடிக் காப்பாற்றினாள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிர்ஜு சாரத்திலிருந்து விழுந்தான். கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மேஸ்திரி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டதோடு சரி, போனை அணைத்துவிட்டான், கட்டையிலே போறவன்! கூட வேலை செய்த பையன்களையும் வேனில் அள்ளிப்போட்டு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டான். அண்ணியும் நானும்தான் துணைக்குப் போனோம்.

வழியெல்லாம் பிர்ஜு இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தான். “என்னடா வேணும்? தமிழ்ல சொல்லுடா, ராசா” என்று அண்ணி அழுதாள். உயிர் போகிற வலியில் கற்ற மொழியா வரும்? தண்ணீர் கேட்டானா, தாயைக் கேட்டானா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து கையை விரித்துவிட்டார். அண்ணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் கையில் இருந்த பிர்ஜுவின் போன் அடித்தது. அவன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவள், அண்ணியின் குரலும் அவளுக்குப் பழக்கம்.

“எடுக்காத அண்ணி” என்றேன். எடுத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் மளமளவென்று பேச்சு. அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள். செத்துப்போய்விட்டான் என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது? மெஸ்ஸில் யாராவது அதைக் கேட்டு வைப்பார்களா? அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்! அந்தம்மா பிர்ஜுவின் பெயரைச் சொல்லி, ‘கானா’ என்று ஏதோ கேட்டாள். கானா என்றால் சாப்பாடு. அது எனக்கே புரிந்தது.

“ஹாங், மாஜி. கானா... ஹாங்” என்றாள் அண்ணி.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. பேச்சு முடிந்தது.

“அடிப்பாவி! பெத்தவகிட்ட சாப்ட்டான்னா சொன்ன?” என்று கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். கேரளத்துப் பெண், வடக்கே வேலை பார்த்தவள், இந்தி தெரியுமாம். அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“போனைக் குடுங்கக்கா, அவங்க அம்மாகிட்ட நான் சொல்றேன்” என்று கை நீட்டினாள்.

அண்ணி கொடுக்கவில்லை. போனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“அரமணி பொறும்மா. கேட்டுட்டா அப்புறம் அவ பச்சத் தண்ணி பல்லுல படாம கெடப்பா. மொதல்ல சாப்புடட்டும்.”

“அவங்க இன்னும் சாப்பிடலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“புள்ள சாப்ட்டான்னு இப்பதான சொல்லியிருக்கேன்” என்றாள் அண்ணி. “இனிமேதான் அவ தட்டுல கை வைப்பா.”